பி பக்கத்துப் பெருமூச்சு

கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பொத்தானை அழுத்தியபோது எர்மினியாவுக்குப் பயம் எதுவும் இருக்கவில்லை. மாணவிகள் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பள்ளியின் சங்கீத அறையில் அவளும், சுவரில் தொங்கிய மாதா படமும், ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் மட்டும்தான்.

பி பக்கம் என்றால் மைனஸ் ஒன். பாடினவளின் குரலை மட்டும் உருவி எடுத்துவிட்டு மேளம், கிட்டார், பின்பாட்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டிருப்பார்கள். அந்தக் காலி இடத்தில் வாங்கினவர்கள் தங்கள் குரலை வைத்துக்கொள்ளலாம். மணிலாவில் அந்த வருடம் கேசட் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏ பக்கத்தைக் கேட்டதே இல்லை.

முதல் சரணம் பாடகி பெபாங்கின் குரல் இல்லாமல் ஓடியது. ஆள் இறங்கிப்போன ஊஞ்சல் மாதிரி மெட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணமும் போயிற்று. பிறகு மேளம் ஒரு நொடி நிற்கும் இடம் வந்தது. அந்த நொடியில் ஒரு பெண் நீளமாக, ஆழமாக, உடம்பே இளகிப்போனது மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

எர்மினியா சட்டென்று பொத்தானைத் தூக்கி டேப்பை நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்ப ஓட்டிக் கேட்டாள். இருந்தது.

ஊரே திட்டிக்கொண்டிருந்த பெருமூச்சு அது. அது பெபாங்கினுடையது என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பெபாங்கை எடுத்துவிட்ட பிறகும் அது இருந்தது. ஏனென்றால் அது எர்மினியாவினுடையது.

நடந்தது இவ்வளவுதான். பெபாங் அவளுடைய பள்ளித் தோழி. மிண்டா, சுச்சி என்ற இன்னும் இரண்டு பேரோடு ‘கலமன்சி சிஸ்டர்ஸ்’ என்று ஒரு குழு வைத்திருந்தாள். ஏப்ரல் மாதம் பாட்டுப் பதிவு செய்யும் அன்று சுச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “ரெண்டு மணி நேரம்தான்டி, வந்து லா லா சொல்லிட்டுப் போ” என்றாள் பெபாங். பதிவு நடக்கும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள். அதன் இரைச்சல் டேப்பில் ஏறிவிடும். ஏப்ரல் மாதத்து மணிலாவில், காற்று புகாத அந்தப் பெட்டியறையில், பெபாங் ஒரு மைக்கிலும் எர்மினியாவும் மிண்டாவும் சேர்ந்து இன்னொரு மைக்கிலும் நின்று ஒன்பது தடவை பாடினார்கள். ஒன்பதாவது தடவை மேளம் நின்ற இடத்தில், குளிர்பான வாளியிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை எடுத்து எர்மினியாவின் பிடரியில் வைத்துவிட்டாள் மிண்டா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் டோலோய் கத்தினார். “அது இருக்கட்டும்! யாரும் அதைத் தொடாதீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். எர்மினியாவும் சிரித்தாள். உறையில் சுச்சியின் படத்தைத்தான் போடுவார்கள், தன் பெயர் எங்கும் வராது என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

‘விசிறியை நிறுத்தாதே’ என்பது பாட்டு. ஒரு பெண் தன் காதலனிடம் சொல்கிறாள்: புழுக்கமாக இருக்கிறது, பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார், விசிறியை மட்டும் நிறுத்திவிடாதே, அதன் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வார்த்தைகளை மட்டும் படித்தால் மின்சாரக் கம்பெனி விளம்பரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பெருமூச்சு வந்து எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. பெபாங் தொலைக்காட்சியில் கேசட்டுக்கு வாயசைத்தபோது அந்த இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். மறுநாளிலிருந்து ஜீப்னி என்ற குட்டிப் பேருந்துகளின் ஓட்டுநர்கள் தெருவைக் கடக்கும் பெண்களைப் பார்த்து ஹாரனுக்குப் பதிலாகப் பெருமூச்சு விட்டார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். அவர் பேசியதால், அதுவரை கேட்காத கிழவிகளும் கேட்டார்கள். ஜூலை கடைசியில் வானொலியாளர் சங்கம் பாட்டை நிறுத்திவைத்தது. விசாரணைக்குத் தேதி வைத்தார்கள்.

எர்மினியா அந்தப் பள்ளியில் மூன்றாவது வருடம் தற்காலிக ஆசிரியை. மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். பள்ளியின் நிறுவன நாள் விழா முடிந்த திங்கட்கிழமை தலைமைச் சகோதரி சிஸ்டர் பிளாசிடா நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அந்தக் கடிதத்தை நம்பித்தான் அவள் மறுபடி கல்லூரிக்குப் போக விண்ணப்பித்திருந்தாள், தம்பியை மாகாணத்திலிருந்து வரச்சொல்லியிருந்தாள்.

வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய ஞானத்தாய். நினாங் காரிங் என்றுதான் அவளைக் கூப்பிடுவாள். பங்கின் தாய்மார் சங்கத் தலைவி. பாட்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்க முதலில் கிளம்பியவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.

“மினியா, இங்க வா. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீ முதல்ல போடு. டீச்சர் போட்டிருக்கான்னா மத்தவங்க தானா போடுவாங்க.”

“எனக்கு ஜெபமாலைக்கு நேரமாகுது நினாங்…”

“கையெழுத்துப் போட ஜெபமாலை காத்திருக்காதா? என்னம்மா மூச்சு அது! அவளுக்கு ஆஸ்துமாவா? ஆஸ்துமான்னா மருந்து குடிச்சிட்டு வீட்டுல படுக்கட்டும். மைக்குல என்ன வேலை?”

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேனா எர்மினியாவின் விரல்களுக்குள் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் பக்கத்தில், முதல் வரியில், அவளுடைய பெயர் முத்து முத்தாக இருந்தது.

அந்தப் பெருமூச்சு பி பக்கத்திலும் இருக்கிறது என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். தெரிந்த அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், இரண்டாம் வருடப் பெண்கள் பதினாறு பேர் நிறுவன நாளுக்காக அந்த மெட்டுக்குப் பனையோலை விசிறி நடனம் பழகியிருந்தார்கள். பாட்டு வம்பாவதற்கு முன்பே ஆரம்பித்தது. அதுவரை மெட்டை எர்மினியாவே பியானோவில் வாசித்துவந்தாள். வேறு மெட்டுக்கு மாற்றலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

“எதுக்கு?” என்றாள் சிஸ்டர் பிளாசிடா. “ஆறு வாரமா பிள்ளைங்க ஆடுது. மைனஸ் ஒன் கேசட் இருக்காமே, அதைப் போடு. வார்த்தையை எடுத்துட்டா பாட்டுல பாவம் எங்க இருக்கு? மெட்டு ஞானஸ்நானம் வாங்கின குழந்தை மாதிரி.”

“சிலர் தப்பா நினைக்கலாம் சிஸ்டர்.”

“நினைக்கிறவங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போகட்டும்.”

ஆகவே எர்மினியா கட்டைவிரலைப் பழக்கினாள். இரண்டு நிமிடம் பதினொரு நொடி. அந்த இடம் வருவதற்கு ஒரு துளி முன்னால் ஒலிக்குமிழைத் திருகிக் கீழே இறக்கி, மூச்சு முடிந்ததும் மேலே ஏற்ற வேண்டும். முப்பது, நாற்பது தடவை செய்து பார்த்தாள். ஜீப்னியில் போகும்போதும் கட்டைவிரல் தானாகத் திரும்பியது. ஒத்திகையில் முன்வரிசையில் ஆடும் டிவினா கேட்டாள்:

“டீச்சர், அந்த இடத்துல மட்டும் ஏன் சத்தம் முழுங்கிக்குது?”

“டேப்பு கொஞ்சம் தேஞ்சுபோச்சு.”

“புது கேசட்டு டீச்சர்! போன வாரம்தான் எங்கக்கா வாங்கினா.”

“ஆடுறதைப் பாரு, டிவினா.”

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெபாங் வந்தாள். எர்மினியாவின் வாடகை அறையில் ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்து, சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தைப் பிரித்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“மளிகைக்கடைக்காரன் மிச்சச் சில்லறையைக் கையில தர மாட்டேங்கறான்டி. மேசையில வச்சுத் தள்ளுறான். தொட்டா ஒட்டிக்குமாம். ஜீப்னிக்காரங்க பரவாயில்ல, மூச்சு விட்டுட்டுக் காசு வாங்காம இறக்கி விட்டுடறாங்க.” சிரித்தாள். “உன் மூச்சுக்கு நான் ஓசிப் பயணம் போறேன்.”

“மெதுவா பேசு.”

“விசிறியைப் போடு, அப்ப கேக்காது.”

எர்மினியா சிரிக்கவில்லை. பெபாங் விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள்.

“சனிக்கிழமை விசாரணை. அந்தச் சத்தம் போட்டது நீயான்னு கேப்பாங்க. ஆமான்னா ஒரு வருஷத்துக்கு எந்த ரேடியோவுலயும் என் குரல் வராது. இல்லேன்னா, பின்ன யாருன்னு கேப்பாங்க.”

“நீ என்ன சொல்லப் போற?”

“ஆமான்னு சொல்லிடறேன். உனக்கு வேலை இருக்கு, தம்பி இருக்கான். நான்தானே கூப்பிட்டேன் உன்னை.”

இப்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று எர்மினியாவுக்குத் தெரிந்தது.

“காப்பி போடவா?” என்றாள்.

“வேணாம். கிளம்பறேன்.” பெபாங் எழுந்து செருப்பை மாட்டினாள். கதவருகே திரும்பினாள். “உங்க நினாங்கோட நோட்டுப் புத்தகத்தைப் படம் புடிச்சுப் பேப்பர்ல போட்டிருந்தாங்க. முதல் பக்கம். கையெழுத்து அழகா இருந்துச்சு மினியா.”

அவள் போன பிறகும் பொட்டலத்தில் நான்கு துண்டுகள் இருந்தன. எறும்பு வரும்வரை எர்மினியா அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார்கள். உள்ளே முந்நூறு பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், தலைக்கு மேலே எட்டு மின்விசிறிகள். முன்வரிசை நடுவில் சிறப்பு விருந்தினராக நினாங் காரிங், மடியில் கைப்பையும் அந்த நோட்டுப் புத்தகமும். விழா முடிந்து பெற்றோர்களிடமும் கையெழுத்து வாங்குவதாக இருந்தாள். மறுநாள் காலை அதை வானொலியாளர் சங்கத்திடம் கொடுக்க வேண்டும்.

மேடை ஓரத்தில் டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் எர்மினியா உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியின் கம்பி அவள் காலடியில் ஓடியது. கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

பதினாறு விசிறிகள் ஒரே நேரத்தில் விரிந்தன. முதல் சரணம். அம்மாக்கள் முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது. மெட்டு அவர்களுக்கும் தெரியும். நினாங் காரிங் உதட்டை இறுக்கிக்கொண்டாலும் அவளுடைய ஒரு கால் தாளம் போட்டது. இரண்டாவது சரணம். எர்மினியா கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தாள். ஐந்து. ஏழு. கட்டைவிரல் குமிழில். ஒன்பது.

கரண்ட் போயிற்று.

மெட்டு இழுபட்டு, ஒரு கிழவரைப்போல் முனகி நின்றது. மின்விசிறிகள் சோர்ந்து சுற்றி நின்றன. மண்டபம் இருட்டாகி, “ஹோ” என்று ஒரே கூச்சல். மாதாவே, காப்பாற்றினாய் என்று எர்மினியா நினைத்தாள். இனி கரண்ட் வந்தாலும் முதலிலிருந்துதான் போடுவோம், இல்லாவிட்டால் விட்டேவிடுவோம்.

“மினியா! ஜன்னலைத் திற! பிள்ளைங்க வெந்து போயிடும்!” என்று கத்தினாள் சிஸ்டர் பிளாசிடா.

அவள் நீளக் கழியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்கு ஓடினாள். ஒவ்வொரு ஜன்னலாகக் கொக்கியைத் தள்ளித் திறந்தாள். மழைச்சாரலும் மங்கிய வெளிச்சமும் உள்ளே வந்தன.

கரண்ட் போனால் முதல் வேலையாக டேப்பின் பொத்தானைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தானே ஓடும். அந்த ஊரில் ஏழு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எர்மினியா ஒவ்வொரு வகுப்புக்கும் வருடத்தின் முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுப்பாள். அன்று அவள் அதைச் செய்யவில்லை.

நேரத்தை வீணாக்க விரும்பாத நினாங் காரிங் எழுந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைக்குப் போகும்.

“பிள்ளைங்களா, உக்காருங்க. இப்ப கேட்டீங்களே, இந்த மெட்டு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. நான் மெட்டுக்கு எதிரி இல்ல. அந்தப் பொம்பளையை அதுலேருந்து பிடுங்கி எறிஞ்சுட்டா, இதைக் கோயில்லகூட வாசிக்கலாம்.”

விளக்குகள் எரிந்தன. விசிறிகள் அசைந்தன. ஒலிபெருக்கிகள் ஒரு கனைப்புக் கனைத்து, மெட்டு தரையிலிருந்து எழுந்து நிமிர்ந்தது. இரண்டு அடி மேளம். நின்றது.

பெருமூச்சு மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் வந்தது.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து எர்மினியா ஓடினாள், பாதி தூரத்தில் நின்றாள். டிவினா பொத்தானைத் தூக்கிவிட்டிருந்தாள். முந்நூறு பெண்கள் சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல், பெஞ்சுகள் குலுங்கச் சிரித்தார்கள். சில அம்மாக்களும்.

நினாங் காரிங்கின் முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. “பாத்தீங்களா! பிடுங்கி எறிஞ்சாலும் வந்து நிக்கிறா! வெக்கம் கெட்டவ!”

சிஸ்டர் பிளாசிடா எழுந்து நின்றாள். முப்பது வருடம் பாடகர் குழு நடத்தியவள். சிரிப்பு அடங்கியது.

“காரிங், இது மைனஸ் ஒன். பாடினவ இதுல இல்ல.”

“பின்ன இப்ப கேட்டது என்ன, பேயா?”

“அவ மைக்குல இருந்ததெல்லாம் எடுத்தாச்சு. இது பின்பாட்டு மைக்குல இருந்திருக்கு. வேற யாரோ.”

நினாங் காரிங் ஒரு கணம் யோசித்தாள். “அப்ப அந்த மத்த ரெண்டு பேர்ல ஒருத்தி. மிண்டாவோ சுச்சியோ. நாளைக்கு அவங்க பேரையும் சேத்துக் குடுக்கறேன்.” நோட்டைத் திறந்து பேனாவைத் தேடினாள்.

யாரும் எர்மினியாவைப் பார்க்கவில்லை. அதுதான் மோசம். பார்த்திருந்தால் முகமே சொல்லியிருக்கும். மண்டபத்தின் நடுவில், கையில் ஜன்னல் கழியோடு, அவள் ஒரு நாற்காலியைப்போல யாருக்கும் தெரியாமல் நின்றாள். பேசாமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை கடிதம் வரும். தொண்டைகட்டி வீட்டில் படுத்திருந்த சுச்சிக்கும் கெட்ட பெயர் வரும்.

“சுச்சி அன்னிக்கு அங்க இல்ல நினாங்.”

குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். ஆனால் எல்லாரும் திரும்பினார்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவளுக்குப் பதிலா நான் போனேன். அது நான்தான்.”

மேடையில் டிவினாவின் விசிறி கை தவறிக் கீழே விழுந்தது.

“பிடரியில ஐஸ்கட்டி வச்சாங்க நினாங். ஏசி இல்ல. புழுக்கம்.”

“ஐஸ்கட்டியா?” நினாங் காரிங் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஐஸ்கட்டிக்கா அப்படி மூச்சு வரும்?”

“ஏப்ரல் மாசம் நினாங்.”

பின்வரிசையில் ஒரு அம்மா “வரும் வரும்” என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

எர்மினியா கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்வரிசைக்கு நடந்தாள். ஞானத்தாயின் கையிலிருந்த நோட்டை மெதுவாக எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, அந்தப் பேனாவாலேயே முதல் வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக வரவில்லை.

“நான்தான் உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்,” என்றாள் நினாங் காரிங். கோபம் குரலில் இல்லை. அது எர்மினியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஆமா நினாங்.”

சிஸ்டர் பிளாசிடா கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள்.

“நாளைக்கு விசாரணைன்னு சொன்னாங்களே. போறியா?”

“போறேன் சிஸ்டர்.”

“இங்க சொன்னதை அங்கயும் சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“அப்ப திங்கக்கிழமை என் அறைக்கு வா. பேசலாம்.” அதில் என்ன இருந்தது என்று எர்மினியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. சிஸ்டர் மேடையைப் பார்த்தாள். பதினாறு பெண்களும் விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். சிலருக்கு அழுகை வரும்போல் இருந்தது. “ஆறு வாரம் பழகியிருக்கீங்க. முதல்லேருந்து ஆடி முடிங்க.”

“அந்த இடம் வருமே சிஸ்டர்?” என்றாள் டிவினா.

“வரும். அந்த இடத்துல மண்டபத்துல இருக்கிற எல்லாரும் இருமுங்க.”

எர்மினியா மேடை ஓரத்துக்குப் போய் டேப்பைச் சுற்றிவிட்டாள். மறுநாளும் இதையே சொல்ல வேண்டும், தெரியாத ஆண்கள் முன்னால், மேசைமேல் மைக்கோடு. பெபாங் அந்த நேரம் என்ன முகம் வைத்துக்கொள்வாள்? தம்பிக்கு என்ன எழுதுவது? பொத்தானை அழுத்தினாள். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

விசிறிகள் விரிந்தன. முதல் சரணம். இரண்டாவது சரணம். பெண்கள் எல்லாரும் கையை வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணில் குறும்போடு காத்திருந்தார்கள். ஆசையைப் பொறுக்க முடியாமல் ஒருத்தி முதலில் இருமினாள், உடனே முந்நூறு பேரும் சேர்ந்து இருமித் தீர்த்தார்கள், ஒரு நொடி சீக்கிரமாகவே.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் பெருமூச்சு தெளிவாக விழுந்தது.

முன்வரிசையில் நினாங் காரிங் மட்டும், எல்லாம் முடிந்த பிறகு, கைக்குட்டையை எடுத்து ஒரு தடவை இருமினாள்.